பொழுதுபோக்குச் சிகிச்சை: சங்கங்கள் சேர்ந்ததும் பிரிந்ததும் – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் பொழுதுபோக்குச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு, தேர்வு, சங்கம் எல்லாம் இருக்கிறது என்கிறான் என் மகன். கேரம் ஆடவைப்பதற்கெல்லாமா பட்டம்?
– வாசகர், கோவை

கேரமேதான். ஆனால் பலகையை எடுத்து வைப்பதற்கு முன்பே ஒரு தாள் நிரப்பப்பட்டிருக்கும். மனச்சோர்வால் இரண்டு மாதமாக அறையை விட்டு வெளியே வராத ஒருவர் இருக்கிறார். 'இன்று கேரம் ஆடினார்' என்று குறித்து வைத்தால் அது பொழுதுபோக்கு. 'வாரம் 3 நாள், முறைக்கு 30 நிமிடம். முதல் வாரம் பணியாளருடன், அடுத்த வாரம் இன்னொரு நோயாளியுடன். 4-ஆம் வாரம் முடிவதற்குள் அவரே ஒருவரை ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்' என்று எழுதி, கூப்பிட்டாரா இல்லையா என்று பார்த்தால் அது சிகிச்சை. மதிப்பீடு, திட்டம், செயல், பலன் பார்த்தல் என்று நான்கு படி. காய் எத்தனை விழுந்தது என்பது கணக்கில் வராது.

பெயர்தான் கெடுக்கிறது. பொழுதைப் போக்குவது என்றால் நமக்கு வெட்டி வேலை. ஆங்கிலத்திலும் இந்தத் தொழிலுக்குப் பெயர் நிம்மதியாக அமையவில்லை. ஒரு சாரார் 'ரெக்ரியேஷன் தெரபி' (பொழுதுபோக்குச் சிகிச்சை) என்பார்கள், இன்னொரு சாரார் 'தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன்' (சிகிச்சை தரும் பொழுதுபோக்கு) என்பார்கள். சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டதுபோல் தெரியும். அடுத்த பதிலைப் படித்தால் அதற்குள் எவ்வளவு சண்டை இருக்கிறது என்று புரியும்.

ஒரே தொழிலுக்கு எதற்கு இத்தனை சங்கம்? பாடத்தில் பெயர்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது.
– மருத்துவ சமூகப்பணி மாணவி, மதுரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொழுதுபோக்குப் பணியாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் மாநில மனநல மருத்துவமனைகளிலும் இந்த வேலை வேரூன்றியது. சில ஆண்டுகளுக்குள் மூன்று அமைப்புகள் வந்துவிட்டன. 1940-களின் கடைசியில் அமெரிக்கப் பொழுதுபோக்குச் சங்கத்துக்குள் மருத்துவமனைப் பிரிவு. 1952-இல் உடல்நலம், உடற்கல்வி, பொழுதுபோக்குச் சங்கத்துக்குள் ஒரு பிரிவு. 1953-இல் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்களுக்கென்றே தனியாக ஒரு தேசியச் சங்கம், நார்ட்.

மூன்றும் மூன்று பார்வை. மருத்துவமனைப் பிரிவுக்காரர்களுக்கு, நோயாளியும் மனிதன், விளையாட்டும் பாட்டும் அவனுக்கு உரியவை, அவ்வளவுதான். நார்ட்காரர்கள் பெரும்பாலும் மாநில மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள். விளையாட்டு ஒரு மருந்து, நோயைக் குறைக்கத்தான் அது என்றார்கள். உடற்கல்விப் பிரிவில் இருந்தவர்களின் கண் பள்ளியில், மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கான உடற்பயிற்சியில் இருந்தது.

இதற்குள் 1953-லேயே ஒரு நல்ல காரியம் நடந்தது. மூன்றும் தம் கொடியை இறக்காமலேயே ஒரு பொது மன்றம் அமைத்தன: மருத்துவமனைப் பொழுதுபோக்கு மேம்பாட்டு மன்றம். 'நாம் யார்' என்ற விவாதத்தை அது ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டது. 1956-இல் தன்னார்வப் பதிவுத் திட்டம் வந்தது. இயக்குநர், தலைவர், உதவியாளர் என்று மூன்று நிலை. அதில் மூவரும் ஒத்துப்போக முடிந்தது. ஏனென்றால் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குத் தத்துவம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இணைப்பு வந்தது வெளியிலிருந்து. 1965-இல் பூங்கா, பொழுதுபோக்கு அமைப்புகள் பல ஒன்றாகி என்.ஆர்.பி.ஏ. என்ற தேசியச் சங்கம் உருவானபோது, அமெரிக்கப் பொழுதுபோக்குச் சங்கமும் அதற்குள் போய்விட்டது. மருத்துவமனைப் பிரிவுக்குத் தாய்வீடு மாறியது. அடுத்த ஆண்டே, 1966-இல், அதுவும் நார்ட்டும் சேர்ந்து என்.டி.ஆர்.எஸ்., அதாவது தேசியத் தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன் சங்கம், ஆயின. என்.ஆர்.பி.ஏ.வின் ஒரு கிளையாக. உடற்கல்விப் பிரிவு இதில் சேரவில்லை.

கிளையாக இருப்பதில் சௌகரியம் உண்டு: அலுவலகம், மாநாடு, அச்சகம் எல்லாம் தயாராகக் கிடைக்கும். இடைஞ்சலும் உண்டு. பூங்கா நிர்வாகிகள் நிறைந்த சங்கத்தில், மருத்துவக் காப்பீட்டு விதியை மாற்ற அரசிடம் போராடு என்று கேட்டால் அது கடைசி வரிசைக்குத்தான் போகும். 1982-இல் என்.டி.ஆர்.எஸ். தன் தத்துவ அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சிகிச்சை, ஓய்வுநேரக் கல்வி, பங்கேற்பு மூன்றும் எங்கள் பணி என்றது அது. எல்லோரையும் அணைத்துப் போன அறிக்கைதான். ஆனால் சிகிச்சை மட்டுமே நம் வேலை என்றவர்களுக்கு அது திருப்தியாக இல்லை. 1984-இல் அவர்களில் ஒரு பகுதி பிரிந்து ஆட்ராவை, அதாவது அமெரிக்கத் தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன் சங்கத்தை, தொடங்கியது.

அதன்பின் ஒரே தொழிலுக்கு இரண்டு தேசியச் சங்கங்கள். இரண்டுக்கும் தனித்தனி நெறிமுறைத் தொகுப்பு, தனித்தனி தரநிலை. 1998-இல் இரண்டும் கூட்டணி அமைத்தன. 2010-இல் என்.டி.ஆர்.எஸ். கலைக்கப்பட்டு, ஆட்ரா மட்டும் நின்றது.

தேர்வுக்கு ஒரு குறிப்பு: இந்தச் சண்டைகளின் நடுவில் ஒன்று மட்டும் உடையவே இல்லை, சான்றிதழ். 1981-இல் அதைச் சங்கத்தின் கையிலிருந்து எடுத்து என்.சி.டி.ஆர்.சி. என்ற தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்றே ஆண்டில் சங்கம் இரண்டானபோது சான்றிதழ் இரண்டாகவில்லை. சங்கத்தின் பிடியிலேயே விட்டிருந்தால் ஆளுக்கொரு தேர்வு நடத்தியிருப்பார்கள், மருத்துவமனைகள் இரண்டையுமே நம்பியிருக்காது என்பது எங்கள் கணிப்பு.

'ஆட்ரா உறுப்பினர்' என்று ஒருவருடைய சுயவிவரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. பொய்யா?
– மனிதவள அலுவலர், சென்னை

அவசரப்படாதீர்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணச் சங்கத்துக்கும் அதே சுருக்கெழுத்துதான். முழுப் பெயரைக் கேளுங்கள். இன்னொன்று, உறுப்பினர் அட்டை என்பது தகுதிச் சான்று அல்ல. சந்தா கட்டினால் அட்டை வரும். இந்தத் தொழிலுக்கான சி.டி.ஆர்.எஸ். என்ற சான்றிதழ் இருக்கிறதா என்பதை என்.சி.டி.ஆர்.சி.யிடம்தான் சரிபார்க்க வேண்டும்.

ஸ்காபரோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொன்றில் பொழுதுபோக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கொலிஜ் டிப்ளோமா இருக்கிறது. மாகாணச் சங்கம், தேசியச் சங்கம், அமெரிக்கச் சான்றிதழ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்வது?
– வாசகி, ரொறன்ரோ

உங்களிடம் இருப்பது டிப்ளோமா என்பதால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சி.டி.ஆர்.எஸ். தேர்வுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். டிப்ளோமா போதாது. ஒன்ராறியோ மாகாணச் சங்கமான டி.ஆர்.ஓ. பட்டம் பெற்றவர்களுக்கும் டிப்ளோமா பெற்றவர்களுக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கிறது. முதலில் அங்கே போங்கள். ஒன்ராறியோவில் தாதிகளுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இருப்பதுபோல் சட்டப்படியான ஒழுங்குமுறைக் கல்லூரி (பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு) இந்தத் தொழிலுக்கு இல்லை. ஆகவே இது தன்னார்வப் பதிவுதான். ஆனாலும் வேலை விளம்பரங்களில் கேட்கிறார்கள். இல்லத்தின் பொழுதுபோக்குத் திட்டப் பொறுப்பாளராக உயர நினைத்தால், இத்துறையிலோ நெருங்கிய துறையிலோ பட்டமோ டிப்ளோமாவோ இருக்க வேண்டும், சுகாதாரத் துறையில் ஓராண்டு அனுபவமும் வேண்டும் என்பது மாகாண விதி. அதற்கு உங்கள் டிப்ளோமா செல்லும்.

பிறகு பட்டம் முடித்து சி.டி.ஆர்.எஸ். போவதானால், கனடா தேசியச் சங்கமும் அதையே ஏற்கிறது, தனித் தேர்வு நடத்தவில்லை. இரு நாட்டுச் சங்கங்கள் ஒத்துழைத்ததில் உருப்படியாக மிஞ்சியது இதுதான் என்போம். எல்லை தாண்டினாலும் சான்றிதழ் செல்லும்.

சி.டி.ஆர்.எஸ்.ஸுக்கான பயிற்சிக்காலத்தில் பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. விதி இரண்டு எண்களைச் சொல்கிறது: 560 மணி நேரம், 14 வாரம். வாரம் 40 மணி என்றால் இரண்டும் சரியாகப் பொருந்தும். சீக்கிரம் முடிக்கலாமே என்று வாரம் 45 மணி வேலை செய்து 13 வாரத்தில் 585 மணி காட்டுபவர்களின் விண்ணப்பம் திரும்பி வரும். மணி கூடியிருந்தாலும் வாரம் குறைந்துவிட்டதே! மேற்பார்வை செய்பவரிடமும் சி.டி.ஆர்.எஸ். இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கும் நாளிலேயே அவருடைய சான்றிதழ் எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.

உங்கள் இல்லத்தில் தமிழ் முதியவர்கள் இருந்தால் ஒரு யோசனை. பல்லாங்குழி நல்ல கருவி. 14 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. பக்கவாதம் வந்த கைக்கு இரு விரல் பிடிப்புப் பயிற்சி, எண்ணிக்கை, முறை வரும்வரை காத்திருத்தல், எல்லாம் ஒரே பலகையில். விரல் இன்னும் திறக்காதவருக்குப் புளியங்கொட்டை வழுக்கும், சோழியில் தொடங்குங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது விஷம். மஞ்சாடி என்று நினைத்து யாராவது கொண்டுவந்தால் கறுப்புப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு இருந்தால் குன்றிமணி. மறதிநோய் உள்ளவர் எந்தக் காயையும் வாயில் போட்டுக்கொள்ளக் கூடும். அவர் ஆடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணி எடுத்துவைக்க வேண்டும். பதிவேட்டில் 'கலந்துகொண்டார்' என்று எழுதாதீர்கள். 'இடக்கையால் 10 நிமிடத்தில் 12 காய், இரண்டு முறை நினைவூட்டினோம்' என்று எழுதுங்கள். சங்கங்கள் சேர்ந்து உட்கார்ந்து தரநிலை எழுதுவது இந்த ஒரு வரி எல்லா இல்லத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் தொழில்முறைச் சங்கக் கிளையும் இன்னொரு மறுவாழ்வுத் துறையினர் சங்கமும் சேர்ந்து இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தப் போகிறோம். 'ஒப்பந்தம் எதற்கு, நமக்குள் என்ன' என்கிறார்கள். தேவையா?
– சங்கச் செயலாளர், திருச்சி

நமக்குள் என்ன என்றுதான் எல்லாச் சண்டையும் ஆரம்பிக்கும். 4 பக்கத்துக்கு மேல் போகாத புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். ஆனால் இரு தரப்பு நிர்வாகக் குழுவும் தனித்தனியாகத் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் கையெழுத்து. தலைவர் தன் பேரில் போட்ட கையெழுத்தை அடுத்த தேர்தலில் வரும் குழு மதிக்காது.

பணத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே வங்கிக் கணக்கு, யாருடையது என்று பெயர் குறிப்பிட்டு. கட்டணம் அதில்தான் வர வேண்டும். செலவு போக மிஞ்சுவதைப் பாதிப் பாதி என்று எழுதுவார்கள், நஷ்டத்தை எழுத மறந்துவிடுவார்கள். எடுத்துக்காட்டாக, 120 பேர் வருவார்கள் என்று கூடம் பிடித்து 70 பேர்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு விழுந்த தொகையை யார் கட்டுவது? அதையும் அதே விகிதத்தில் என்று எழுதிவிடுங்கள். கூடவே ஒரு தேதி: முகாமுக்கு 15 நாள் முன்பு இத்தனை பேர் சேராவிட்டால் ரத்து செய்வது என்று. முன்பணம் திரும்பாத கூடத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு இந்த வரியை எழுதிப் பயனில்லை.

உறுப்பினர் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுக்காதீர்கள். அவரவர் உறுப்பினருக்கு அவரவரே அழைப்பு அனுப்பட்டும். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கைமாறினால், ஆறு மாதத்தில் 'எங்கள் ஆட்களை இழுக்கிறார்கள்' என்ற புகார் வரும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்கச் சொல்கிறது.

அடுத்தது மணிக்கணக்கு. சான்றிதழில் எத்தனை மணி என்று போடுவது? ஒரு சங்கம் 50 நிமிட வகுப்பை ஒரு மணி என்னும், இன்னொன்று 60 நிமிடம் என்னும். தேநீர் இடைவேளையையும் வரவேற்புரையையும் சேர்த்து 16 மணி என்று அச்சடித்துவிட்டு, பிறகு ஒருவர் அதைக் கேள்வி கேட்டால் இரு சங்கத்தின் பெயரும் கெடும். அமெரிக்காவில் சி.டி.ஆர்.எஸ். புதுப்பிக்க 5 ஆண்டில் 50 மணி தொடர்கல்வி வேண்டும் (480 மணி வேலையும் காட்ட வேண்டும்). அங்கே 'சி.இ.யு.' என்ற அலகும் புழங்குகிறது. ஒரு சி.இ.யு. 10 மணிக்குச் சமம். சான்றிதழில் 0.5 என்று இருப்பதை அரை மணி என்று நினைத்து விட்டுவிடுபவரும் உண்டு. அது 5 மணி. எந்த அலகு என்பதைச் சான்றிதழிலேயே எழுத்தால் எழுதுங்கள்.

சின்னம், பெயர் வரிசை, மேடையில் யார் முதலில் என்பதெல்லாம் சிரிப்பாகத் தெரியும். அகர வரிசை என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தில் காத்துக்கிடப்பீர்கள். காலம் 2 ஆண்டு, விலக 60 நாள் முன்னறிவிப்பு. விலகினால் சேர்ந்து தயாரித்த பயிற்சிக் குறிப்புகளை இருவரும் பயன்படுத்தலாமா என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். பிரிந்த பிறகு முதலில் வழக்குக்குப் போவது பாடக்குறிப்புதான்.

இணைந்து ஒரே சங்கமாவது என்றால் கதையே வேறு. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பொதுக்குழுவும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். முகாம் நடத்திய உற்சாகத்தில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் 'மூன்று மணி விதி'யில் பொழுதுபோக்குச் சிகிச்சையைச் சேர்க்க ஏன் இத்தனை போராட்டம்?
– பிசியோதெரபிஸ்ட், வேலூர்

உள்நோயாளி மறுவாழ்வு மருத்துவமனையில் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தர வேண்டுமானால், நோயாளி பொதுவாக நாளுக்கு 3 மணி, வாரம் 5 நாள் தீவிரச் சிகிச்சை பெற வேண்டும். 2010 முதல் அந்தக் கணக்கில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுச் சிகிச்சை, செயற்கை உறுப்புப் பயிற்சி ஆகியவை மட்டும்தான் வரும். மற்ற சிகிச்சையைக் கொடுக்கத் தடை இல்லை, ஆனால் அந்த 3 மணிக்குள் சேராது. சேராத சிகிச்சைக்கு நிர்வாகம் ஆள் போடுமா? அதுதான் வலி.

ஆட்ரா இதைத் தனியாக வெல்ல முடியாது என்று தெரிந்துதான் மற்ற மறுவாழ்வு அமைப்புகளோடும் நோயாளி அமைப்புகளோடும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் மசோதாவுக்காக நிற்கிறது. அவர்கள் கேட்கும் விதம் கவனிக்கத்தக்கது. 'எங்களுக்கும் மணி ஒதுக்கு' என்று கேட்டால், இருக்கும் 3 மணியிலிருந்து ஒருவர் பங்கு குறையும். உடனே பிசியோதெரபிஸ்டுகளுக்கு முகம் சுளிக்கும். அதனால் மருத்துவர் தேவை என்று எழுதிக்கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார்கள். முடிவு மருத்துவரிடம், போட்டி சக தொழிலாளியிடம் இல்லை.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சென்னை

1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின் 16 வகையில் இது இல்லை. 2021-ஆம் ஆண்டு தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் தனியாக அல்ல. 'இயக்கச் சிகிச்சையாளர்' என்ற தலைப்புக்கு உள்ளே, கலை, நடன, இயக்கச் சிகிச்சையாளரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் தொழிலுக்கு 1952 முதல் அகில இந்தியச் சங்கம் இருக்கிறது. அட்டவணையில் தனித் தலைப்பும் இருக்கிறது. இவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒரே வரிக்குள் நான்கு தொழிலை அடைத்துவிட்டதால், பாடத்திட்டம் எழுதும்போது நான்கும் பேசியே ஆக வேண்டும். சட்டம் சுகாதாரத் தொழிலர் பட்டத்துக்கு 3,600 மணி, இணைத் தொழிலருக்கு 2,000 மணி என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. அந்த மணிகளில் எவை நான்குக்கும் பொது (உடற்கூறு, மனநோயியல், மதிப்பீடு), எவை தனி என்று பிரித்து ஒரு வரைவை நால்வரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஆணையத்துக்கு வேலை மிச்சம். ஆளுக்கொரு மனு போனால் நான்கும் அலமாரிக்குத்தான் போகும்.

ஒரே நேரத்தில் இரண்டு சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாமா?
– வாசகர், சேலம்

தாராளமாக. இரண்டின் நிர்வாகக் குழுவிலும் மட்டும் இருக்காதீர்கள். அப்படி ஏற்கெனவே இருந்தால், இரு சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும் நாளில் எழுந்து வெளியே போய்விடுங்கள். போனதை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுப் போங்கள்.